ஓவராயில்னு பில், ஓடுறது பழைய செயின்: சைக்கிள் விலையில் பாதி போச்சு

"முழு ஓவராயில்"னு பில் போட்டு, சைக்கிள் விலையில் பாதியை வாங்கிட்டு, செயினைக் கழுவி எண்ணெய் மட்டும் விட்டு அனுப்பியிருக்காங்க. பேர் வேண்டாம். ஆப்பில் புக் பண்ணா ஆள் வந்து வண்டியை எடுத்துட்டுப் போய்த் திருப்பிக் கொண்டு வர்ற மாதிரியான சர்வீஸ். எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கடைசியில் வரிசையா எழுதறேன், அதுக்குள்ள நடந்ததைப் படிங்க.

நம்பின இடம் இதுதான். வந்தவர் முன்பக்கப் பல்சக்கரத்தில் செயினை ரெண்டு விரலால் பிடிச்சு முன்னாடி இழுத்துக் காட்டினார். பல் பாதிக்கு மேல வெளியே தெரிஞ்சது. "செயின் தேஞ்சு நீண்டுடுச்சு, இதோட ஓடின கேசட்டும் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) போயிருக்கும், சேர்த்தே மாத்தணும்"னார். அத்தனையும் சரி. செயினில் தகடு நீள்றதில்லை. கண்ணிகளைக் கோர்க்கிற 'பின்' (pin), அது உட்கார்ற துளை ரெண்டும் தேஞ்சு, கண்ணிக்குக் கண்ணி முடியளவு இடைவெளி சேர்ந்து மொத்த நீளம் கூடுது. அப்படி நீண்ட செயின் கேசட் பல்லையும் தன் அளவுக்கு அராவிடும். நோயை இவ்வளவு சரியாச் சொன்னவர் மருந்தும் கொடுப்பார்னு, சைக்கிள் விலையில் பாதியை முன்கூட்டியே கட்டியாச்சு.

திரும்பி வந்த வண்டி பளபளன்னு இருந்தது. எந்த கியரிலும் ஸ்லிப் ஆகலை, சத்தமும் இல்லை. ஏமாந்தது அங்கேதான். பழைய செயினும் பழைய கேசட்டும் சேர்ந்தே தேஞ்சதால ஒண்ணுக்கொண்ணு பொருந்தி அமைதியா ஓடும். புதுச் செயினை மட்டும் தேஞ்ச கேசட்டில் போட்டிருந்தா, மேட்டில் அழுத்தி மிதிச்சதும் சின்னப் பல்சக்கரங்களில் தாவியிருக்கும், அப்பவே மாட்டியிருப்பாங்க. ரெண்டையுமே தொடாததாலதான் தப்பிச்சாங்க.

டேப்பை வெச்சு அளந்தப்போ வெளிச்சமாச்சு. பெடலை லேசா அழுத்தி செயினை விறைப்பா வெச்சு, ஒரு பின்னின் நடுவில் ஆரம்பிச்சு, அதை விட்டுட்டு அடுத்த 24 பின் எண்ணணும். புதுச் செயின்னா 304.8 மி.மீ., அதாவது சரியா 12 அங்குலம். 30 செ.மீ. ஸ்கேல் பத்தாது. டேப்பின் கொக்கி முனை ஆடும், அதனால 10 செ.மீ. கோட்டிலிருந்து அளங்க. 306.3 வந்தா 0.5 சதவீதத் தேய்மானம். 11, 12 கியர் செயினை அதிலேயே மாத்திடணும். மத்ததுக்கு 307 வரைக்கும் பொறுக்கலாம். இந்த "புதுச் செயின்" காட்டினது 308! ஒரு சதவீதத்துக்கும் மேல. நாலு நாள் ஓட்டத்தில் எந்தச் செயினும் இவ்வளவு தேயாது.

கேசட்டைக் கழட்டணும்னா அதை இறுக்கிப் பிடிக்கிற லாக் ரிங்கின் உள்பற்களில் டூல் உட்காரணும். அதில் பழைய அழுக்கு கெட்டியா அப்படியே இருக்கு. பெடல் மாட்டியிருக்கிற கை, அதான் கிராங்க், அதோட போல்ட் குழியிலும் அதே காய்ஞ்ச மண். பி.பி.க்கு (பாட்டம் பிராக்கெட், கிராங்க் சுத்துற பேரிங்) கிரீஸ் வெச்சதா பில்லில் வரி இருக்கு, கிராங்க்கைக் கழட்டாம எந்த வழியா வெச்சாங்களோ!

கேட்டா வந்த பதில்களைப் பாருங்க. முதல்ல, "புது பார்ட்ஸ், 50 கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்." கேபிள் செட் ஆகும், பிரேக் பேட் செட் ஆகும், ஸ்போக் கூட செட் ஆகும். 308 எப்படிங்க 304.8 ஆகும்? அடுத்து, "நீங்க அளந்தது தப்பா இருக்கும்." அப்புறம், "பழைய பார்ட்ஸை எடைக்குப் போட்டாச்சு." கடைசியா, "மெக்கானிக் லீவு." இப்போ போனே எடுக்கறதில்லை. சைக்கிள் விலையில் பாதி அவங்க கையில்.

இதுக்கு மேல ஒரு கொடுமை. செயினுக்கு ஸ்பிரே எண்ணெய் அடிச்சதில் பின்சக்கர பிரேக் டிஸ்க் மேலயும் தெறிச்சிருக்கு. பிரேக் பிடிச்சா கத்துது, நிக்கலை. டிஸ்க்கை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் விட்டு சுத்தமான துணியால் துடைச்சாச்சு. எண்ணெய் குடிச்ச பேட்டை உப்புத்தாளில் தேய்ச்சும் ரெண்டு கிலோமீட்டரில் பழைய கத்தல். தூக்கிப் போட வேண்டியதுதான்.

வரிசையா எழுதறேன்னு சொன்னேன், இப்போ இருக்கிற கோபத்தில் இவ்வளவுதான் வருது. வண்டியைக் கொடுக்கிறதுக்கு முன்னாடியே செயினை அளந்து போட்டோ எடுங்க. லாக் ரிங்கையும் கிராங்க் போல்ட்டையும் கிட்டக்க எடுங்க. கழட்டின பழைய பார்ட்ஸ் கைக்கு வராம பணம் கொடுக்காதீங்க. வண்டி வந்ததும் டெலிவரி ஆள் நிக்கிறப்பவே 24 பின் எண்ணுங்க, ஒரு நிமிஷம்கூட ஆகாது. பிரேக்கைப் பிடிச்சுப் பார்க்காம ரோட்டில் இறக்காதீங்க.

இனி செயின், கேசட், பின்பக்க பிரேக் பேட் மூணையும் காசு போட்டு வாங்கணும். போன பாதி விலை தனி.