அயிரியானின் இரு இசைத்தொகுப்புகள்: எது நெருக்கம்?

நெதர்லாந்தின் இசைக்கலைஞர் ஆர்யன் லூகாசன், பல பாடகர்களையும் கருவியிசைஞர்களையும் திரட்டி ‘அயிரியான்’ என்ற பெயரில் வெளியிட்ட, கதை சொல்லும் ராக் இசைத்தொகுப்புகளுள், 1998இல் வந்த ‘இன்டு தி எலெக்ட்ரிக் காசில்’, 2004இல் வந்த ‘தி ஹியூமன் ஈக்வேஷன்’ ஆகிய இரண்டும் அடுத்தடுத்துக் கேட்கத் தக்கவை.

முன்னதில் வெவ்வேறு காலங்களைச் சேர்ந்த எட்டுப் பேர் ஒரு விசித்திரக் கோட்டையை நோக்கி நடக்கிறார்கள். தைஸ் வான் லேரின் புல்லாங்குழல் கனத்த கிதார்களுக்கிடையே இளங்காற்றாய் நுழைகிறது. ஒலிகளின் வண்ணத்தில் இதற்கே முதலிடம் தருவேன்.

பின்னதோ, விபத்துக்குப் பின் கோமாவில் கிடக்கும் ஒருவனின் 20 நாள்களை 20 பாடல்களாக்கி, அச்சம், சினம், காதல் என ஒவ்வோர் உணர்ச்சிக்கும் தனிக்குரல் தருகிறது. எனக்கு நெருக்கமானது இதுதான். ஏனெனில் சினமாக வரும் டெவின் டவுன்சென்டின் அலறல் கேட்கும்போது, பாடகர்கள் பலர் என்பதே மறந்து, ஒரே மனத்துக்குள் நடக்கும் போராட்டம்தான் காதில் விழுகிறது.