1951 கல்லூரி ஃபுட்பால் சீட்டுக்கட்டு: மேட்சன் இருக்கிறார், டோலர் எங்கே?

பகடை உருட்டி ஆடும் அமெரிக்க ஃபுட்பால் விளையாட்டு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அதோடு சேர்த்து ஆட, பகடையில் விழும் எண்ணுக்கு வீரர் என்ன செய்வார் என்று சொல்லும் 1951 கல்லூரி சீசன் சீட்டுக்கட்டைப் போன மாதம் 32 டாலருக்கு வாங்கினேன். எல்லாம் ஒரே ஒரு அணிக்காக: சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் 'டான்ஸ்' (Dons).

அந்த வருஷம் அவர்கள் ஒன்பது ஆட்டம் ஆடி ஒன்பதிலும் ஜெயித்தார்கள். பயிற்சியாளர் ஜோ குஹாரிச். விளம்பர வேலை பார்த்த பீட் ரோசல் பின்னாளில் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கின் கமிஷனரே ஆகிவிட்டார். இவ்வளவு இருந்தும், சீசன் முடிவில் சிறந்த அணிகளைக் கூப்பிட்டு நடத்தும் பவுல் ஆட்டத்துக்கு அழைப்பு வரவில்லை. கறுப்பின வீரர்களான ஆலி மேட்சனையும் பர்ல் டோலரையும் விட்டுவிட்டு வந்தால் பார்க்கலாம் என்றார்கள், அணி மறுத்துவிட்டது. ஏற்கெனவே கடனில் தவித்த கல்லூரி, சீசன் முடிந்ததும் ஃபுட்பாலையே நிறுத்திவிட்டது.

சரி, சீட்டுகளுக்கு வருகிறேன். அட்டை நல்ல கனம், அச்சும் தெளிவு. மேட்சன் சீட்டில் குறையே சொல்ல முடியாது. அந்த சீசனில் பந்தோடு 1,566 கெஜம் ஓடி, 21 டச் டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) போட்டவர். ஃபோர்டம் பல்கலைக்கழக அணிக்கு எதிரே நியூயார்க்கில் இரண்டு கிக் ஆஃபை, அதாவது ஆட்டத்தைத் தொடங்க எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து, நேரே டச் டவுனுக்குக் கொண்டுபோனவர். அதனால் கிக் ஆஃபில் இரண்டு பகடையிலும் ஆறு விழுந்தால் அவர் கோடு வரை ஓடிவிடுவார். ஒரே இரவில் எனக்கு இரண்டு தடவை விழுந்தது. பகடையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் என் மகள்.

அதே அணியின் ஜினோ மார்செட்டி, பாப் செயின்ட் கிளேர் இருவருக்கும் தனிச் சீட்டு உண்டு. டோலரைத் தேடினால் 'மற்ற தடுப்பாட்டக்காரர்கள்' என்ற சீட்டின் கடைசி வரியில், பொடி எழுத்தில் கிடக்கிறார். அந்தக் காலத்தில் டாக்கிள் (எதிராளியைப் பிடித்து வீழ்த்துவது) கணக்கு முறையாக வைக்கவில்லை, தெரியும். ஆனால் மார்செட்டிக்கும்தான் வைக்கவில்லை! முழங்கால் அடியால் தொழில்முறை ஆட்டம் கைவிட்டுப்போய், 1965இல் என்.எஃப்.எல்.லின் முதல் கறுப்பின நடுவராக வந்தவர் டோலர். மார்செட்டி பின்னாளில் பெரிய நட்சத்திரம், அதற்காகத்தான் சீட்டு என்றால், அது 1951 கட்டே இல்லை. இதற்காகவே கட்டுக்கு நான் தரும் மதிப்பீட்டில் ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன்.

ஜார்ஜியா டெக் அணியும் கட்டில் இருக்கிறது. நிஜத்தில் ஆரஞ்சு பவுலில் பேய்லரை 17-14 என்று வென்றவர்கள். அவர்களை மகள் எடுத்துக்கொள்ள, டான்ஸை வைத்து நான் ஆடினேன். நடக்காத அந்த பவுல் ஆட்டத்தில் 20-21 என்று தோற்றேன்.

"அப்பா, கூப்பிட்டிருந்தாலும் தோத்துத்தான் இருப்பாங்க போல."

கட்டில் இரண்டு வெற்றுச் சீட்டு தருகிறார்கள். அப்புறம் ஒன்றை எடுத்து டோலர் பெயரை எழுதி, மார்செட்டியின் எண்களை அப்படியே போட்டுக்கொடுத்தேன். மறு ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை.