டோட்டல் கமாண்டர்: டார்க் மோட விடுங்க, மத்தத பாருங்க

டோட்டல் கமாண்டர்ங்கிறது விண்டோஸ்ல ஃபைல காப்பி பண்ண, நகத்த, தேட உதவுற சாஃப்ட்வேர், திரைய இடது வலதுன்னு ரெண்டு பேனா பிரிச்சு ரெண்டு ஃபோல்டர ஒண்ணா காட்டும். 2021ல இதோட 10வது வெர்ஷன் வந்தப்ப டார்க் மோடு வந்துருச்சுன்னுதான் ஊரே பேசுச்சு. நானும் போட்டேன், நல்லாத்தான் இருக்கு, ராத்திரி உக்காந்து ஆல்பம் டிசைன் பண்றப்ப கண்ணு கூசல. ஆனா அதுக்காக மட்டும் இத வாங்காதீங்க.

எங்கள மாதிரி கல்யாண ஸ்டுடியோவுல பாதி வேலை கார்டுல இருக்குறத டிஸ்க்குக்கு மாத்துறதுதான். ஒரே முகூர்த்தத்துல திருப்பரங்குன்றம் கோயில்ல ஒண்ணு மேலூர் மண்டபத்துல ஒண்ணுன்னு வரும், பசங்க வந்து எல்லா கார்டையும் டேபிள்ல கொட்டிட்டு போயிருவாய்ங்க, ஒரே கம்பெனி கேமரா வேற, ஃபைல் பேரு இதுலயும் டிஎஸ்சி 0001 அதுலயும் டிஎஸ்சி 0001. மாத்தி மேல எழுதிட்டா யாரு வீட்டு தாலி கட்டு போகும்னு தெரியாது. டோட்டல் கமாண்டர்ல எஃப் 5 அடிச்சா இந்தப் பேன்ல இருக்குறது அந்தப் பேனுக்கு காப்பி ஆகும், அதே பேருல அங்க ஃபைல் இருந்தா ரெண்டோட சைஸ், தேதி காட்டி கேக்குது, உள்ள இருக்குறது ஒண்ணுதானான்னு கம்பேர் பண்ணிக்கலாம், இல்லன்னா தானாவே வேற பேரு வச்சு காப்பி பண்ணிக்கன்னும் சொல்லலாம். காப்பி பண்றப்பவே ஆப்ஷன்ஸ திறந்து வெரிஃபைல டிக் போட்டுட்டா சரியா போயிருக்கான்னும் பாத்துரும். நேரம் கூட ஆகும், ஆனா கார்ட ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி இது இல்லாம நான் விடுறதில்ல.

காப்பி விண்டோவுல எஃப் 2 அமுக்குனா பேக்கிரவுண்ட் க்யூ. இது புதுசும் இல்ல, ஆனா நெறைய பேருக்கு தெரியல. நாலு காப்பிய ஒண்ணா ஓடவிட்டா ஹார்ட் டிஸ்க் திணறும், க்யூவுல போட்டா ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணு, நீங்க பாட்டுக்கு எதுத்தாப்ல போயி டீ குடிச்சுட்டு வரலாம்.

கண்ட்ரோல் எம் மல்டி ரீநேம். மாப்ள வீட்டு பேரு, தேதி, வரிசை நம்பர்னு மொத்த ஃபோல்டருக்கும் ஒரே அடியில பேரு மாத்திரலாம், தப்பா போச்சுன்னா அன்டூவும் இருக்கு. தமிழ்லயே பேரு வைக்கலாம், யூனிகோட் ஒழுங்கா காட்டுது. ஆல்ட் எஃப் 7ல ஃபைலுக்குள்ள இருக்குற தமிழ் எழுத்தையும் தேடலாம், யுடிஎஃப் 8 டிக் போட மறக்காதீங்க. பாமினிங்கிற பழைய தமிழ் ஃபாண்ட்ல அடிச்ச வாழ்த்து மடல்லாம் கிடைக்காது, ஏன்னா அது உள்ள வெறும் இங்கிலீஷ் எழுத்துதான், சாஃப்ட்வேர திட்டி பிரயோஜனம் இல்ல.

இப்ப குறை. டூல்பார் ஐக்கான்லாம் அந்தக் காலத்து லுக்கு, செட்டிங்ஸ் விண்டோ திறந்தா கோயில் மாநகரத்துல வழி தெரியாம மாசி வீதிய சுத்துற மாதிரி இருக்கும். போன்லயே வளந்த பசங்களுக்கு எந்த பேன்ல நிக்கிறோம், எங்க இருந்து எங்க போகுதுன்னு மண்டைல ஏற கொஞ்ச நாள் பிடிக்கும். ரெண்டு ஃபோல்டர ஒரே மாதிரி ஆக்குற சிங்க்ரனைஸ் டைரக்டரீஸ்ல அசிம்மெட்ரிக்னு ஒரு டிக் இருக்கு, அத புதுப் பசங்க பக்கமே விடாதீங்க, இடது பக்கம் இல்லாததயெல்லாம் வலது பக்கமும் அழிச்சுரும், பேக்கப் டிஸ்க் வலது பக்கம் இருந்தா அவ்வளவுதான். விண்டோஸ் 11 எக்ஸ்புளோரருக்கு 2022ல டேப் குடுத்தாய்ங்க, ரெண்டு பேன் இன்னும் குடுக்கல. 1986லயே நார்ட்டன் கமாண்டர்ங்கிற டாஸ் காலத்து சாஃப்ட்வேர்ல இருந்த விஷயம்ங்க இது, அத குடுக்க என்ன கேடோ.

காசு? ஒரு தடவ லைசன்ஸ் வாங்குனா அதுக்கப்புறம் வர்ற வெர்ஷனுக்கெல்லாம் திரும்ப கேக்குறதில்ல. வாங்காம ட்ரையல்ல ஓட்டுனா ஒவ்வொரு தடவ திறக்குறப்பவும் 1, 2, 3ல ஏதாவது ஒரு பட்டன அமுக்கச் சொல்லும். காசே போட முடியாதுன்னா இதே மாதிரி டபுள் கமாண்டர்னு ஒண்ணு இருக்கு, ஓப்பன் சோர்ஸ், லினக்ஸ்லயும் ஓடும், எஃப் 5ல காப்பி, எஃப் 6ல மூவ்ங்கிற பழக்கமும் அப்படியே செட் ஆகும்.