ஏழைந்து முப்பத்தைந்து

"ஒருதரம் போட்டாப் போதும்னுதான் சொன்னாங்க தம்பி." காரைக்குடி வீட்டு முகப்பில் உட்கார்ந்து அத்தான் இதையே மூன்று தடவை சொன்னார். கையில் வழவழவென்று ஒரு பாலிசிப் பத்திரம்.

ஓய்வு பெற்று வந்த பணம் மொத்தம் 20 லட்சம். அதில் 5 லட்சத்தை டெபாசிட் என்று நினைத்து வங்கியில் கொடுத்திருக்கிறார். ஏசி அறையில் உட்காரவைத்து, காபி கொடுத்து, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்களாம். பத்திரத்தைப் புரட்டினேன். பொடி எழுத்தில் இருந்தது: ஆண்டுப் பிரீமியம் 5 லட்சம், கட்டும் காலம் 7 ஆண்டு. ஏழைந்து முப்பத்தைந்து. கையில் இருப்பதே இருபது! அறுபத்திரண்டு வயதுக்காரர் மீதிக்கு எங்கே போவார்?

எங்கள் அப்பா, அப்பச்சி, இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். வருஷா வருஷம் ஐந்தொகை என்ற முடிவுக் கணக்கு எடுத்து, பைசா இடித்தாலும் ராத்திரி தூங்காத மனிதர். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன ஊர்களிலிருந்து கணக்கு தவறாமல் வந்த வீடு இது. அந்த வீட்டு மாப்பிள்ளைக்கா இப்படி?

பத்திரம் கைக்கு வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பது இங்கே விதி. நான் இருக்கும் சிங்கப்பூரில் பதினான்கு நாள்தான், அந்த வகையில் நம் ஊர் மேல். ஆனால் அங்கே ஒரு மின்னஞ்சலில் முடிகிற வேலைக்கு இங்கே மூன்று நாள் அலைந்தோம். "மேனேஜர் லீவு", "சிஸ்டம் டவுன்", "இவ்வளவு நல்ல பாலிசியை ஏன் சார் விடுறீங்க?" மூன்றாம் நாள் கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்கினேன். அந்தச் சீலுக்கு மட்டும் முக்கால் மணி நேரம்.

அங்கிருந்து நேரே அஞ்சலகம். பழைய நினைப்பில் அரைநாள் போகும் என்று பயந்துதான் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா அத்தானிடம் கேட்ட முதல் கேள்வி: "ஐயா, மருந்து மாத்திரைக்குத் தனியா வச்சிருக்கீங்களா?" இதை வங்கியில் ஒருவரும் கேட்கவில்லை. 2 லட்சத்தைச் சேமிப்புக் கணக்கில் விட்டுவிட்டு, 13 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டோம். ஐந்து வருஷம், 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 26,650 ரூபாய் கணக்கில் விழும். என்னைப் போல் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இதில் சேர முடியாது. எனக்கு சிபிஎஃப், அதாவது சிங்கப்பூர் சேமநிதி, அறுபத்தைந்தில் மாதாமாதம் வரத் தொடங்கும். அத்தானுக்கு இதுதான் சம்பளம். அந்த அம்மா ஒரு துண்டுத் தாளில் அவர் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பெரிதாகத் தொகையை எழுதிக் கொடுத்தார். ஆச்சி, அதாவது என் அக்கா, அதைச் சாமி அறையில் வைத்திருக்கிறாள்.

திருச்சி விமான நிலைய வரிசையில் நிற்கும்போது போன் வந்தது. முத்திரைச் செலவும் இன்னும் கொஞ்சமும் பிடித்துக்கொண்டு பணம் திரும்பிவிட்டது.

"தம்பி, இதையும் அந்த அம்மாகிட்டயே போட்டுறவா?"

"திங்கக்கிழமை காலையிலேயே போங்க அத்தான். ஆச்சியையும் கூட்டிட்டுப் போங்க."