ஒன்பது ஆண்டுகளாக ஆர்வோ பேர்ட்: ஒரு கேட்பனுபவம்

எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட்டின் படைப்புகளை ஒன்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். முதல் ஓராண்டு அவை எனக்குப் பிடிக்கவேயில்லை. ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் நினைவாக அவர் 1977-இல் எழுதிய 'கான்டுஸ்' என்னும் சிறிய படைப்பைப் பேருந்தில் இயர்போன் வைத்துக் கேட்டேன். தொடக்கம் காதில் விழவில்லை, பிற்பகுதி வெறும் இரைச்சலாகப் பட்டது. மிக மெல்லத் தொடங்கி முழு வலிமையில் முடியும் இசையை இன்ஜின் ஓசைக்கு நடுவே கேட்டது என் பிழைதான்.

பிறகு ஓர் இரவு வீட்டில் ஸ்பீக்கரில் கேட்டபோதுதான் அதன் அமைப்பு பிடிபட்டது. நரம்பிசைக் கருவிகளும் ஒரேயொரு மணியும் மட்டுமே அதில் உண்டு. ஸ, ஸநி, ஸநித, ஸநிதப என்று ஒவ்வொரு சுரமாக நீண்டுகொண்டே இறங்கும் வரிசையை, கமகம் (சுர அசைவு) இல்லாத நடபைரவி ராகத்தின் அவரோகணம், அதாவது இறங்கு வரிசை, என்றே நம் காது கொள்ளும்; அதை முதல் வயலின்கள் ஒரு வேகத்திலும், அடுத்த குழு அதில் பாதி வேகத்திலும், அதற்கடுத்தது அதிலும் பாதியிலுமாக ஐந்து காலங்களில் வாசிப்பதால், மிகத் தாழ்ந்த ஒலியுடைய டபுள் பாஸ் ஒரு சுரம் நகர்வதற்குள் முதல் வயலின் பதினாறு மடங்கு தொலைவு போய்விடுகிறது. இறுதியில் எல்லாக் கருவிகளும் உரக்க ஒலித்துக்கொண்டிருக்கும்போது மணி மென்மையாக அடிக்கப்படுகிறது. அவை சட்டென்று நின்ற பிறகே அது நம்மை எட்டுகிறது. அதுவரை 'சாதாரண காந்தாரம்' எனப்படும் தாழ்ந்த 'க'விலேயே தோய்ந்திருந்த காதில், மணியின் கார்வையிலிருந்து, அதாவது நீளும் ஒலியிலிருந்து, அதைவிட உயர்ந்த 'க'வான அந்தர காந்தாரம் எழுகிறது. தம்புராவின் மந்தர ஷட்ஜத்தில் தானாகக் கேட்கும் காந்தாரத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆயினும் நான் இதைக் கவனிக்க மூன்று ஆண்டுகள் ஆயின.

இந்தச் சிக்கனம் அவருக்கு எளிதில் வாய்த்ததன்று. சோவியத் ஆட்சியில் 1968-இல், கிறிஸ்தவ நம்பிக்கையை அறிவிக்கும் அவரது 'கிரெடோ' என்ற படைப்பு சர்ச்சைக்குள்ளான பின், பெரும்பாலும் எழுதாமல் பழைய தேவாலயப் பண்களைப் பயின்றார். 1976-இல் 'ஃப்யூர் அலினா' என்ற சிறு பியானோ படைப்புடன் 'டின்டினாபுலி' முறை பிறந்தது. லத்தீனில் சிறுமணியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஒரு குரல் (இசை வரி) அடுத்தடுத்த சுரங்களில் நடக்க, மற்றொன்று ஸ, க, ப ஆகிய மூன்றுக்குள்ளேயே நிற்கும். அந்தப் பியானோ படைப்பில் ஓரிடத்தில் மட்டும் கீழ்க்குரல் இவ்விதியை மீறுகிறது. இசைத்தாளில் அவ்விடத்தில் ஒரு பூ வரையப்பட்டிருக்கிறது!

எல்லாம் ஒரே தரமாக நிலைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். திரைப்படங்களில் அடிக்கடி எடுத்தாளப்பட்ட 'ஷ்பீகல் இம் ஷ்பீகல்' எனக்கு இப்போது அலுத்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீளும் 'பாசியோ'வை ஒரே அமர்வில் முடிக்க இன்னும் இயலவில்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் இ.சி.எம். நிறுவனம் 1984-இல் வெளியிட்ட 'டாபுலா ராசா' இசைத்தட்டை எடுக்கலாம். கிடோன் கிரெமரின் வயலினும் கீத் ஜாரட்டின் பியானோவும் சேரும் 'ஃப்ராட்ரஸ்' அதில்தான் உள்ளது. செயலியில் கேட்பதாயின், ஒரு பதிவின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் கலக்கும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். நான் பயன்படுத்திய செயலி, முதல் ஓராண்டு முழுவதும் அந்த மணியின் கார்வை மீது அடுத்த பாட்டை ஏற்றிக்கொண்டிருந்தது.