கோத்தகிரி கிரீன் ஷாப்பின் மலைத்தேன்

கோத்தகிரி கிரீன் ஷாப்பில் வாங்கிய மலைத்தேனைப் பற்றி எழுதத் தோன்றுவதற்குச் சுவை மட்டும் காரணமன்று. 1993 முதல் நீலகிரியில் பணியாற்றும் கீஸ்டோன் அறக்கட்டளையின் முயற்சியில் உருவாகி, இன்று பழங்குடி மக்களே பங்குதாரர்களாக உள்ள ஆதிமலை உற்பத்தியாளர் நிறுவனம் இத்தேனோடு இலவம்பஞ்சு, மிளகு, காப்பி ஆகியவற்றையும் பெற்றுப் பதப்படுத்துகிறது. இயற்கையைக் காத்து வாழ்வாதாரம் தேடும் சமூகங்களுக்கு ஐ.நா. வளர்ச்சித் திட்டம் வழங்கும் ஈக்வேட்டர் விருதும் 2021-இல் இதற்குக் கிடைத்தது.

தேன் கருஞ்சிவப்பாக, இளகலாக இருக்கிறது. இனிப்பு அடங்கியபின் நாவில் லேசான துவர்ப்பு தங்குகிறது. மலைத்தேனீயின் தேனில் ஈரப்பதம் இயல்பாகவே கூடுதல் என்பதால், அதன் நீர்மையைக் கண்டு கலப்படம் என ஐயுற வேண்டாம். ஈரக்கரண்டி படாமல் வைத்தால் போதும்.

செங்குத்துப் பாறைகளில் கொடியேணி கட்டி இறங்கும் குறும்பர் பழங்குடியினர், புகையிட்டு, புழுக்கள் உள்ள பகுதியை விட்டுத் தேன் பகுதியை மட்டும் அறுத்தெடுக்கும்போது கூடு பிழைக்கிறது. காடு தேயிலைத் தோட்டமாகவும் உண்ணிச்செடிப் புதராகவும் மாறிவிட்ட மலையில், பூக்கும் மரங்கள் நின்றால்தான் இந்த வருமானம் நிற்கும். ஆகவே, 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி பழங்குடியினர் காட்டின் மீது உரிமை கோருவதும் இத்தொழிலும் ஒன்றையொன்று தாங்குகின்றன. நீலகிரிக்குச் செல்வோர் தேயிலைத்தூளோடு இத்தேனையும் ஒரு புட்டி வாங்கி வரலாம், மனமாரப் பரிந்துரைக்கிறேன்.