நட்சத்திர அட்டையா, வாரம் மூன்று உதவியா, பங்குபோட்ட பாடமா?

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரிவைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றதும் பல ஆசிரியர்கள் முதலில் தேடுவது நட்சத்திர அட்டையைத்தான். யாருக்காவது உதவினால் பெயருக்கு நேராக ஒரு ஸ்டார், பத்து சேர்ந்தால் பரிசு. நடத்துவது சுலபம், முதல் வாரமே வகுப்பு மாறியதுபோலத் தெரியும். ஆனால் இந்த வயதுப் பிள்ளைகள் நன்றாகக் கணக்குப் பார்ப்பார்கள். டீச்சர் இருக்கும்போது கீழே விழுந்த பென்சிலை எடுத்துக்கொடுக்க நாலு பேர் ஓடிவருவார்கள், அவர் வெளியே போனதும் அதே பென்சில் அங்கேயே கிடக்கும். வார்னெகன், டொமசெல்லோ என்ற உளவியலாளர்கள் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், 20 மாதக் குழந்தைகளிடமே இதைப் பார்த்தார்கள். உதவியதற்குப் பொருளைப் பரிசாக வாங்கிய குழந்தைகள், பிறகு பரிசு இல்லை என்றானதும், ஒன்றுமே வாங்காத குழந்தைகளைவிடக் குறைவாகத்தான் உதவினார்கள். வாய்ப் பாராட்டு மட்டும் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. அதனால் பாராட்டை விடாதீர்கள், அட்டையைக் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது, வாரம் மூன்று உதவி. கனடாவின் வான்கூவரில் 9 முதல் 11 வயதுவரை உள்ள 400க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் இதைச் செய்து பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். நாலு வாரம், ஒரு பிரிவினர் வாரத்துக்கு மூன்று நல்ல காரியம் செய்ய வேண்டும், மற்றவர்கள் வாரத்துக்கு மூன்று இடங்களுக்குப் போய்வர வேண்டும். மகிழ்ச்சி இரண்டு பிரிவுக்கும் கூடியது. ஆனால் 'யாரோடு சேர்ந்து வேலை செய்யப் பிடிக்கும்' என்று வகுப்பைக் கேட்டபோது, உதவி செய்த பிள்ளைகளின் பெயர்கள்தான் முன்பைவிட அதிகம் கூடியிருந்தன. செலவே இல்லாத வழி, எனக்கு ரொம்பப் பிடித்ததும்கூட. ஒரே குறை, விட்டால் எல்லாரும் அம்மாவுக்கும் நெருங்கிய தோழிக்கும் மட்டுமே செய்வார்கள், வகுப்பில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை அப்படியே தனியாக இருக்கும். மூன்றில் ஒன்றை வழக்கமாகப் பேசாத ஒருவருக்குச் செய்யச் சொல்லுங்கள். செய்ததை எழுதிவைக்கட்டும், ஆனால் வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம், அப்புறம் அதுவும் ஸ்டார் அட்டையாகிவிடும்.

அந்தத் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்காகத்தான் மூன்றாவது வழியான பங்குபோட்ட பாடத்தை மற்ற இரண்டுக்கும் மேலே வைக்கிறேன். 1971இல் அமெரிக்காவில், டெக்சாஸின் ஆஸ்டினில், கறுப்பின, வெள்ளை, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து சண்டை மூண்ட நேரத்தில், எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் கொண்டுவந்த முறை இது. பாடத்தைத் துண்டுகளாக்கி, ஐந்தாறு பேர் கொண்ட குழுவில் ஆளுக்கு ஒன்று கொடுப்பது. அவரவர் தம் துண்டைப் படித்துக் குழுவில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒருவரின் துண்டு மற்றவரிடம் இருக்காது, தேர்வு மட்டும் முழுப் பாடத்திலும் உண்டு. ஆகவே திக்கித்திக்கிப் பேசும் பிள்ளையைக் கேலி செய்துகொண்டிருந்தால் நஷ்டம் கேலி செய்பவனுக்குத்தான். வேறு வழியில்லாமல் பொறுமையாகக் கேட்பான், 'அப்புறம் என்ன ஆச்சு' என்று எடுத்துக்கொடுப்பான், கொஞ்ச நாளில் அவளுக்கும் சொல்ல விஷயம் உண்டு என்று அவனுக்கே தெரிந்துவிடும். பரிவு என்ற சொல்லை ஒருமுறைகூட உச்சரிக்காமல் இவ்வளவும் நடக்கிறது.

இதில் உழைப்பு அதிகம், மறைக்கவில்லை. பாடத்தைப் பிரிக்கவே ஒரு மாலை போய்விடும். முக்கியமாக, வெவ்வேறு குழுக்களில் ஒரே துண்டை வாங்கிய பிள்ளைகள் எல்லாரும் முதலில் தனியாகக் கூடிப் படித்து, சொல்லிப் பழகிக்கொள்ள வேண்டும். நேரமில்லை என்று இந்தப் படியைத் தாண்டினால், வாசிக்கத் தடுமாறும் பிள்ளையை நாமே எல்லார் முன்னும் நிறுத்தி அவமானப்படுத்தியதாகிவிடும்.

இன்னொரு வழியும் உண்டு, 1996இல் மேரி கார்டன் என்ற கல்வியாளர் கனடாவின் டொராண்டோவில் தொடங்கியது. கைக்குழந்தையோடு அதன் அம்மாவோ அப்பாவோ கல்வியாண்டு முழுக்க அவ்வப்போது வகுப்புக்கு வருவார்கள், அது ஏன் அழுகிறது, இப்போது அதற்கு என்ன வேண்டும் என்று பிள்ளைகள் ஊகிக்க வேண்டும். அருமையான யோசனை, ஆனால் பயிற்சி பெற்றவர் இல்லாமல் நாமாக நடத்த முடியாது. உறுதிமொழி, அறிவுரை வகுப்பு பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, பத்து வயதில் அதெல்லாம் மனப்பாடப் பகுதிதான்.

ஒன்றே ஒன்று என்றால் பங்குபோட்ட பாடம். இரண்டுக்கு இடமிருந்தால் கூடவே வாரம் மூன்று உதவி. குழுக்களை நீங்களே பிரியுங்கள், நண்பர்களை ஒன்றாகப் போடாதீர்கள், சில வாரங்களுக்கு மாற்றவும் வேண்டாம். முதல் இரண்டு தடவை வகுப்பு சந்தைக்கடையாக இருக்கும், நிறுத்திவிடாதீர்கள்.